பந்தயமும் ஐந்து பவுண்டுப் பெட்டியும்

லொரெய்ன், ஒஹாயோ
25 ஜனவரி 1981

அன்புள்ள மிட்சி அக்காவுக்கு,

இங்கே நானும் டோலோரஸும் பிள்ளைகள் இருவரும் சுகம். விஸ்கான்சின் குளிரில் நீயும் ஹால்வர் அத்தானும் நாற்பத்தாறு மாடுகளும் அதேபோல இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மாடுகளையும் விசாரித்ததாகச் சொல்லிவிடு. இல்லாவிட்டால் அத்தானுக்குக் கோபம் வரும்.

செவ்வாய்க்கிழமை ரீகன் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தாயா? எங்கள் குழாய் ஆலைக் கேன்டீனில் எல்லோரும் டிவிக்கு முன்னால் நின்றோம். மனிதர் எவ்வளவு அழகாகப் பேசினார்! வரி குறையும், அரசாங்கம் நம் வழியைவிட்டு விலகி நிற்கும், தொழில் பெருகும். மேலே இருப்பவன் கையில் நாலு காசு புரண்டால் அவன் ஆலை கட்டுவான், ஆலைக்குக் குழாய் வேண்டும், குழாய்க்கு நான் வேண்டும். இதில் உனக்கு என்ன புரியவில்லை?

புத்தாண்டன்று போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "நடிகனுக்கு ஓட்டுப் போட்ட முதல் ஆளு நம்ம குடும்பத்துல நீதான்டா. அப்பா இருந்திருந்தா சூப்புத் தட்டோட உன்னை வாசப்படியில உட்கார வச்சிருப்பாரு." சரி, பந்தயம் கட்டுவோமா? அடுத்த ஆண்டு, அதாவது 1982 ஜூலை நாலு வரை தவணை. அதற்குள் என் வாழ்க்கை இன்றைக்கு இருப்பதைவிட ஒரு படி ஏறியிருந்தால் நான் ஜெயித்தேன். நீ வந்து என் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும். ரீகன் படத்தை உன் சமையலறையில் ஓர் ஆண்டு மாட்ட வேண்டும். ஏறவில்லையென்றால் உன் மாட்டுக் கொட்டகைக்கு நான் இரண்டு கோட் சிவப்புப் பெயின்ட் அடிக்கிறேன்.

துணிச்சல் இருந்தால் பதில் எழுது.

வெற்றியை எதிர்பார்த்திருக்கும் தம்பி,
அல்பின்


வெர்னன் மாவட்டம், விஸ்கான்சின்
8 பிப்ரவரி 1981

அருமைத் தம்பி அல்பினுக்கு,

நாங்கள் நலம். மாடுகளிடம் சொன்னேன். ஒன்றும் பதில் சொல்லவில்லை. அவற்றுக்கு உன்னைவிட அரசியல் தெரியும் போலிருக்கிறது.

பந்தயத்துக்கு நான் தயார். ஆனால் தீர்ப்புச் சொல்வது யார்? நீ வாயாலேயே வீடு கட்டுகிறவன். போனில் பேசினால் குரலை உயர்த்தியே ஜெயித்துவிடுவாய், தொலைதூர அழைப்புக்குக் காசும் போகும். ஆகவே ஒரு நிபந்தனை. அவரவர் நிலைமையை அவரவரே கடிதத்தில் எழுத வேண்டும். எழுதியதுதான் சாட்சி. பொய் எழுதக் கூடாது. அம்மாவின் ஜெபமாலைமேல் சத்தியம்.

ஹால்வர் இதைக் கேட்டுவிட்டு அரை நிமிடம் யோசித்து, "கொட்டகையில தெக்குப் பக்கம்தான் ரொம்ப உரிஞ்சிருக்கு, அங்கேருந்து ஆரம்பிக்கச் சொல்லு" என்றார். இந்த நார்வேக்காரர் ஒரு வாரத்தில் பேசிய மிக நீண்ட வாக்கியம் அதுதான். உன் தோல்வியில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

டோலோரஸுக்கும் பிள்ளைகளுக்கும் என் முத்தங்கள். ஈஸ்டருக்கு அவள் செய்யும் பொட்டீட்ஸாவுக்கு இப்போதே நாக்கு ஊறுகிறது. போன தடவை வால்நட் ரொட்டியாகப் புறப்பட்டது வால்நட் தூளாக வந்து சேர்ந்தது. இந்தத் தடவை கொஞ்சம் கெட்டியான பெட்டியில் வைத்து அனுப்பச் சொல்.

கொட்டகையை உனக்காகக் காத்திருக்க வைத்திருக்கும் அக்கா,
மிட்சி


லொரெய்ன்
20 ஆகஸ்ட் 1981

அக்கா,

எல்லோரும் சௌக்கியம். நீங்களும் அப்படித்தானே? ஹால்வர் அத்தானின் முழங்கால் எப்படி இருக்கிறது?

வரிக் குறைப்பில் கையெழுத்தாகிவிட்டது! செய்தித்தாளில் வந்த படத்தை வெட்டி ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன். எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் குழாய் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். வாரத்துக்கு இரண்டு ஓவர்டைம். நேற்று ஒரு மோட்டார் படகு வாங்கினேன். பழையதுதான், ஆனால் ஓட்டினால் ஏரியே இரண்டாகப் பிளக்கிறது. இதை முதல் படி என்று குறித்துக்கொள்.

யூனியன் ஆபீசில் மட்டும் என்மேல் கொஞ்சம் கோபமாக இருக்கிறார்கள். விமான நிலையக் கட்டுப்பாட்டு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அவ்வளவு பேரையும் ரீகன் ஒரேயடியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார் அல்லவா? என் பக்கத்து மெஷின்காரன் கோச்சிஷ், எல்லோர் முன்னாலும் என்னைப் பார்த்து, "டேய் அல்பின், இன்னிக்கு அவங்க. நாளைக்கு நாம. அன்னிக்கு உன் நடிகரு வந்து உனக்குச் சோறு போடுவாரான்னு பாக்குறேன்" என்றான். நான் விடுவேனா? "உன் வாயில அடைக்கிறதுக்கு ஒரு பெரிய மீனாப் பிடிச்சுக் கொண்டாரேன், என் படகுல போயி" என்றேன். நியாயமாகப் பார்த்தால் அவனுக்கு ஒரு மீன் கடன்.

பெயின்ட் பிரஷ் வாங்கிவிட்டாயா?

உன் படகுத் தம்பி,
அல்பின்


வெர்னன் மாவட்டம்
3 ஜனவரி 1982

அன்புத் தம்பிக்கு,

புத்தாண்டு உனக்கும் டோலோரஸுக்கும் பிள்ளைகளுக்கும் நல்லதாகப் பிறக்கட்டும். வழக்கம்போல எங்கள் ஊர்ப் பால்பண்ணையின் இரண்டு பவுண்டு சீஸ் கிறிஸ்துமஸுக்குள் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். உன்னிடமிருந்து ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை. படகு ஏரியைப் பிளந்துகொண்டு கனடாவுக்கே போய்விட்டதா?

செய்தி பார்த்தாயா? உன் ஆள் எங்களுக்குப் பால் விலையை ஏறவிடாமல் நிறுத்தினார், சரி. ஆனால் பால் விலை விழாமலிருக்க இத்தனை வருடமாக அரசாங்கம் வாங்கி வாங்கிக் குளிர்ந்த குகைகளில் அடுக்கிய சீஸ் கெட்டுப்போக ஆரம்பித்துவிட்டதாம். அதை ஏழைகளுக்கு இனாமாகக் கொடுக்கப் போகிறாராம்! "அரசாங்கம் யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது" என்று ஓட்டு வாங்கிய மனிதர், நாட்டுக்கே சீஸ் பரிமாறுகிறார். ஹால்வர் சிரித்துச் சிரித்துக் காபியைச் சிந்திவிட்டார்.

இங்கே எல்லாம் ஓடுகிறது. நம் வேலையாள் ஓலே மினசோட்டாவில் இருக்கும் மகளிடம் போய்விட்டான். ஹால்வர் தனியாகக் கறக்கிறார். பகலில் டோலோரஸ் போன் செய்து நான் எடுக்காவிட்டால் வருத்தப்பட வேண்டாம். சர்ச் வேலை, கோழி வேலை, அது இது என்று வெளியே இருப்பேன்.

உன் நிலைமை எழுது. சாட்சி கடிதம்தான், ஞாபகம் இருக்கட்டும்.

மிட்சி


லொரெய்ன்
21 பிப்ரவரி 1982

அக்கா,

சுகம். தாமதத்துக்கு மன்னித்துவிடு. பனி முழங்கால் அளவு கிடக்கிறது. இப்போதெல்லாம் வீட்டோடு இருக்க எனக்கு நிறைய நேரம் கிடைக்கிறது. மகள் ஜானட்டின் ஒவ்வொரு கூடைப்பந்து ஆட்டத்துக்கும் போய் உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்துகிறேன். இப்படி நேரம் கிடைப்பதும் ஒரு படி முன்னேற்றம்தானே?

நீ அனுப்பிய சீஸுக்கு நன்றி. அது இன்னும் தீரவில்லை. டோலோரஸ் மக்ரோனியில் போடுகிறாள், உருளைக்கிழங்கில் போடுகிறாள், சூப்பில் போடுகிறாள். நேற்று மகன் மார்க் ஆப்பிள் கேக்கைப் பிளந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "இதுலயாவது இல்லையேம்மா" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

படகு கொட்டகையில் இருக்கிறது. ஒரு நண்பனின் கொட்டகையில்.

அத்தானுக்கு என் அன்பு.

அல்பின்


லொரெய்ன்
2 ஏப்ரல் 1982

அக்கா,

போன கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதிலே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? கோழிகள் உன்னை அவ்வளவா வேலை வாங்குகின்றன?

ஈஸ்டருக்கு டோலோரஸின் பொட்டீட்ஸாவைத் தபாலில் போட்டாயிற்று. நீ சொன்னபடியே இந்த முறை அளவெடுத்தாற்போல ஒரு கெட்டியான பெட்டி கிடைத்தது. டோலோரஸ் அதன் உள்ளேயும் வெளியேயும் பூப்போட்ட காகிதம் ஒட்டி அலங்காரம் செய்திருக்கிறாள். உடையாமல் வந்ததா என்று எழுது.

பந்தயத்துக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது. ரீகன் படம் ஒன்றைச் சட்டம் போட்டுத் தயாராக வைத்திருக்கிறேன்.

உயிர்த்தெழுந்த ஆண்டவரின் அமைதி உங்கள் வீட்டில் நிலைக்கட்டும்.

அல்பின்


வெர்னன் மாவட்டம்
19 ஏப்ரல் 1982

என் தங்கத் தம்பிக்கு,

கடவுள் கிருபையில் நாங்கள் நன்றாக இருக்கிறோம். பொட்டீட்ஸா வந்தது. ஒரு துணுக்குக்கூடச் சிந்தவில்லை. பெட்டி என்ன ஒரு பொருத்தம்! பூக்காகிதம் வெகு அழகு. டோலோரஸின் கைக்கு நான் முத்தம் கொடுத்ததாகச் சொல்.

அல்பின், இரண்டு நாள் யோசித்தேன். நீ ஜெயித்துவிட்டாய். படகு வாங்கினாய், ஓவர்டைம் பார்த்தாய், இப்போது பிள்ளைகளோடு இருக்க நேரமும் கிடைக்கிறது. கடிதம்தான் சாட்சி என்று சொன்னவள் நான்தானே? ஜூலைவரை எதற்கு இழுக்க வேண்டும்? தோற்றவள் தோற்றதை ஒப்புக்கொள்வதுதான் மரியாதை.

ஆகவே மே மாதம் இருபத்திரண்டாம் தேதி பஸ்ஸில் புறப்பட்டு வருகிறேன். ஒரு மாதம் தங்கி வீடு முழுவதும் பெயின்ட் அடித்துக் கொடுக்கிறேன். உன்னைக் காலையில் ஆலைக்கு அனுப்பிவைக்கவும் எனக்கு ஆசை. சின்ன வயதில் உனக்குச் சாப்பாட்டுப் பை கட்டிக் கொடுத்தது போல. சனிக்கிழமைகளில் படகில் போவோம்.

தோற்றுப்போன உன் அக்கா,
மிட்சி


லொரெய்ன்
24 ஏப்ரல் 1982

அக்கா,

நலம், நலம், அதெல்லாம் இருக்கட்டும். நீ வர வேண்டாம்!

வர வேண்டாம் என்றால் வரவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. மே மாதம் வேண்டாம். ஏரிக்காற்றின் ஈரத்தில் பெயின்ட் காயாது. டோலோரஸின் அத்தை வேறு வருகிறாள், எப்போது போவாள் என்று தெரியாது. அதோடு வீடு அப்படியொன்றும் மோசமாக இல்லை. நேற்றுச் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன், புதிது போலவே இருக்கிறது. படம்கூட மாட்ட வேண்டாம். தோற்றதை நீ ஒப்புக்கொண்டதே எனக்குப் போதும்.

அவசரமாக,
அல்பின்


வெர்னன் மாவட்டம்
1 மே 1982

தம்பி,

அத்தையை அறைக்கு மாற்று, நான் சோபாவில் படுத்துக்கொள்கிறேன். டிக்கெட் வாங்கியாகிவிட்டது. சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஹால்வர் ஏணிகூட இரவல் வாங்கித் தருகிறேன் என்கிறார். பஸ்ஸில் ஏணியை ஏற்றுவார்களா என்றுதான் விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

உன் ஆலை வாசலில் நின்று, ஷிஃப்ட் முடிந்து நீ வெளியே வருவதை ஒரு தடவை பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டும்.

மிட்சி


லொரெய்ன்
9 மே 1982

அக்காவுக்கு,

உன் காலில் விழுகிறேன், டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு.

ஆலை வாசலில் நீ எத்தனை நாள் நின்றாலும் நான் வெளியே வர மாட்டேன். ஏனென்றால் நான் உள்ளே போவதே இல்லை. அக்டோபர் கடைசியில் எண்ணூறு பேரை வேலையைவிட்டு அனுப்பினார்கள். கோச்சிஷும் நானும் ஒரே நாளில். படகை நவம்பரிலேயே விற்றுவிட்டேன். வாங்கியவனின் கொட்டகையில்தான் அது இருக்கிறது, ஆகவே அதுவும் பொய்யில்லை. பொய் எழுதக் கூடாது என்று சத்தியம் வாங்கினாய். நான் எழுதவில்லை. உண்மையையும் எழுதவில்லை. டோலோரஸின் அத்தையை விட்டுவிட்டால், ஒரே ஒரு பொய்தான் எழுதினேன். நீ அனுப்பிய இரண்டு பவுண்டு சீஸ் புத்தாண்டுக்கு முன்பே தீர்ந்துவிட்டது.

நாங்கள் சாப்பிடுவது ரீகன் சீஸ். சிரிக்காதே. சரி, சிரித்துக்கொள்.

பிப்ரவரியில் சர்ச் ஹாலில் கொடுக்கிறார்கள் என்று டோலோரஸ் சொன்னாள். நான் போக மாட்டேன் என்றேன். அவள் தன் கோட்டை எடுத்து மாட்டினாள். அவளைத் தனியாக அனுப்ப மனம் வரவில்லை. மாமனாரின் பழைய தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். மேஜைக்குப் பின்னால் நின்று எடுத்துக் கொடுத்தது யார் தெரியுமா? கோச்சிஷ்! யூனியன் சார்பில். அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

"தொப்பியை எடுடா அல்பின். உன் மூக்குதான் உனக்கு முன்னாடியே வந்து நிக்குதே" என்றான். அடுத்து ஆகஸ்டில் சொன்னதைச் சொல்லிக் காட்டப் போகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் சொல்லவில்லை. "ரெண்டு பிள்ளைங்கதானே உனக்கு?" என்று கேட்டு இரண்டு பெட்டிகளை என் கையில் வைத்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் அக்கா. அன்றைக்குத்தான் எனக்கு மிகவும் வெட்கமாக இருந்தது. இப்போதும் மாதாமாதம் போகிறேன், தொப்பியோடு.

உனக்குத் தெரியாமல் இதை முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நீ ஜெயித்துவிடுவாயே என்பதற்காக இல்லை. நீ வருத்தப்படுவாய் என்பதற்காக.

நான் தோற்றேன். கொட்டகைக்கு என்ன பெயின்ட் என்று எழுது.

அல்பின்


வெர்னன் மாவட்டம்
16 மே 1982

என் அசட்டுத் தம்பிக்கு,

நீ, டோலோரஸ், பிள்ளைகள், எல்லோரும் உடம்போடு நன்றாக இருக்கிறீர்கள் அல்லவா? எனக்கு அது போதும்.

டிக்கெட் வாங்கவே இல்லை. ஏணியும் பொய். ஈஸ்டர் சமயத்திலேயே எனக்குத் தெரியும்.

தபால்காரர் பார்சலை மேஜையில் வைத்தார், நான் மேல்காகிதத்தைப் பிரித்தேன், கை அப்படியே நின்றுவிட்டது. டோலோரஸ் உள்ளும் புறமும் பூக்காகிதம் ஒட்டியிருந்தாள். இந்த நாட்டில் வேறு யார் பார்த்திருந்தாலும் அதை ஓர் அழகான பெட்டி என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த நீளம், அந்த மூடி மடிந்து நாக்குச் செருகும் விதம், அதை என் கட்டைவிரல் கண்ணுக்கு முன்பே கண்டுகொண்டது. அரசாங்கத்தின் ஐந்து பவுண்டு சீஸ் பெட்டி. எனக்கு எப்படித் தெரியும் என்று கேள்.

நான்தான் அதை மடிக்கிறேன். ஒரு நாளைக்கு நானூறு.

ஜனவரியிலிருந்து சீஸ் ஆலையில் பகல் ஷிஃப்ட் போகிறேன் அல்பின். குகையிலிருந்து வரும் பெரிய கட்டிகளை அங்கே உருக்கி இந்தப் பெட்டிகளில் அடைக்கிறார்கள். ஓலே மகளிடம் போனது நிஜம்தான், ஆனால் அவனுக்குச் சம்பளம் கொடுக்க எங்களால் முடியவில்லை என்பதை நான் எழுதவில்லை. சர்ச், கோழி என்று அளந்தேன். பிப்ரவரிக் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் விரல் மடங்கவில்லை. ஆகவே நானும் உன்னைப் போலத்தான். அம்மாவின் ஜெபமாலைக்கு இரண்டு பேரும் பதில் சொல்ல வேண்டும்.

உன் வாயாலேயே உண்மை வரட்டும் என்றுதான் தோற்றதாக எழுதினேன். நேராகக் கேட்டிருந்தால் நீ இன்னொரு படகு வாங்கியிருப்பாய்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மடிப்பது சரியில்லையென்றால் யார் என்று பிடிப்பதற்காக மூடியின் உள்பக்கம் எங்கள் எண்ணை முத்திரை குத்துவோம். என் எண் 17. உன் பெட்டியின் பூக்காகிதத்தை மெல்ல உரித்துப் பார்த்தேன். 23 என்று இருந்தது. அது என் எதிரில் உட்காரும் கெர்டா. மறுநாள் அவளிடம் சொன்னேன். "என் பெட்டியிலயா ஈஸ்டர் ரொட்டி வந்துச்சு? எனக்கு ஒரு துண்டு எங்கே?" என்று கேட்டுவிட்டாள். மிச்சத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நாம் இருவருமே தோற்றோம். ஆகவே இருவருமே தண்டனை கட்டுவோம். பள்ளி விடுமுறை விட்டதும் எல்லோரும் இங்கே வாருங்கள். கொட்டகை உனக்கு. அத்தானின் முழங்காலுக்கு ஓர் ஆள் துணையும் வேண்டும், அதைக் கேட்க அவருக்கு வாய் வராது. அக்டோபரில் நான் வந்து உன் வீட்டுக்கு அடிக்கிறேன். படத்தையும் கொண்டு வா.

உன் சீஸ்காரி அக்கா,
மிட்சி


லொரெய்ன்
30 செப்டம்பர் 1982

பிரியமுள்ள அக்காவுக்கு,

வீடு வந்து சேர்ந்து ஐந்து வாரம் ஆகியும் என் நகக்கண்ணில் உன் கொட்டகையின் சிவப்பு போகவில்லை. டோலோரஸும் பிள்ளைகளும் சௌக்கியம். மார்க் பள்ளியில் தனக்குப் பால் கறக்கத் தெரியும் என்று சொல்லி அடி வாங்கியும் கொடுத்தும் வந்தான். அத்தானின் முழங்கால் எப்படி? கொட்டகையில் மாடுகளுக்கு எதிரே மாட்டிய ரீகன் படம் இன்னும் இருக்கிறதா? அதைப் பார்த்துப் பார்த்து மாடுகள் முன்னைவிட அதிகமாகக் கறக்கின்றன, அரசாங்கத்துக்குத்தான் கஷ்டம் என்று அவர் சொன்னதை இங்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

ஆலை திறக்கவில்லை. படகு பழுதுபார்க்கும் பட்டறையில் வாரத்தில் மூன்று நாள் வேலை கிடைத்திருக்கிறது. போன வாரம் என் பழைய படகே பழுதுக்கு வந்தது. அதைத் தடவிக் கொடுத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சனிக்கிழமை சர்ச் ஹாலில் சீஸ் கொடுத்தார்கள். வாங்கியதும் மூடியைத் திறந்து எண்ணைப் பார்த்தேன், உன் மே மாதக் கடிதம் வந்ததிலிருந்து அதுதான் என் பழக்கம். இந்தத் தடவையும் இல்லை. கோச்சிஷ் பார்த்துவிட்டு, "என்னடா, எலி கடிச்சிருக்கான்னு பாக்குறியா?" என்றான். சொன்னேன். எங்கள் அக்கா மடிக்கிறாள், அவள் எண் 17 என்று. அடுத்த நிமிடம் அவன் மேஜைமேல் ஏறி நின்று, வேலைநிறுத்தத்துக்குக் கத்துவானே அந்தக் குரலில் கத்தினான்: "எல்லாரும் கேளுங்க! அல்பினோட அக்கா மடிச்ச பெட்டி இதுல எங்கேயோ இருக்கு! பதினேழு! மூடியைத் திறந்து பாருங்க!"

அக்கா, இருநூறு பேர் இருந்திருப்பார்கள். யார் யார் முகத்தையும் பார்க்காமல் குனிந்து வந்து குனிந்தே போகும் வரிசை அது. அத்தனை பேரும் பெட்டியைத் திறந்து எண்ணைப் படிக்க ஆரம்பித்தார்கள். "எனக்கு நாலு!" "இங்கே இருபத்தி மூணு!" கெர்டாவுக்கு நான் கை தட்டினேன். பாதிரியார் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். வீட்டுக்குப் போக வெளியே இறங்கியவர்கள்கூடத் திரும்பி உள்ளே வந்தார்கள். நான் எப்போது தொப்பியைக் கழற்றினேன் என்று எனக்கே தெரியாது.

உன்னைக் கண்டுபிடித்தது கோச்சிஷ்தான். அவன் தன் வீட்டுக்கு என்று எடுத்து வைத்திருந்த பெட்டி. சீஸை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வெறும் பெட்டியை என்னிடம் நீட்டினான். ஹால் முழுக்கக் கை தட்டியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை.

அதில் இனி ரொட்டி அனுப்ப மாட்டோம். பந்தயம் தொடங்கியதிலிருந்து நீ எழுதிய கடிதங்களை அதில் வைத்திருக்கிறேன். இன்னும் நிறைய இடம் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதே. எண்பத்து நாலில் நான் மறுபடியும் அவருக்கே ஓட்டுப் போடலாம் என்றிருக்கிறேன். பந்தயம் கட்டுகிறாயா?

அக்டோபரில் பெயின்ட் பிரஷ்ஷோடு உன்னை எதிர்பார்க்கும் தம்பி,
அல்பின்